கலங்கிய தெம்பெலிங்கில் செபாராவ் தேடி

28 மே 2024, செவ்வாய். தெமர்லோ வழியாகக் கோலா தஹான்

விடியற்காலை நாலரைக்கு, மலேசியாவின் பேராக் மாநிலத்துக் கம்பாரிலிருந்து பகாங்கின் தெம்பெலிங் ஆற்றுக்குக் கிளம்பினோம். நான், மச்சான், அவர் மகன். பையனுக்கு 14 வயது. பள்ளி விடுமுறை இந்த வாரத்தோடு முடிகிறது. அதற்குள் ஆற்றில் ஒரு செபாராவ் மீன் பிடித்தே ஆகவேண்டும் என்று ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தான். எனக்கும் அந்த ஆசை இருந்ததால்தான் இவ்வளவு தூரம்.

நான் தூண்டில் பழகியது ஈயக்குட்டைகளில். ஈயம் தோண்டிவிட்டு அப்படியே விட்டுப்போன குட்டைகள் எங்கள் கிந்தா வட்டாரத்தில் எத்தனையோ. அங்கே தோமானுக்கு லூர், அதாவது கொக்கி மாட்டிய போலி இரை, வீசுவோம். விரால் குடும்பத்து மீன் அது, மூச்சு வாங்கத் தண்ணீருக்கு மேலே வந்தே தீரும். வந்த இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் வீசி இழுத்தால் பாதி வேலை முடிந்தது. தண்ணீரும் நகராது, படகும் நகராது. ஓடுகிற ஆற்றில், படகில் நின்றுகொண்டு லூர் வீசப் போவது இதுதான் முதல் தடவை. 20 வருசப் பழக்கம் கைகொடுக்கும் என்ற நம்பிக்கையோடுதான் வண்டி ஓட்டினேன்.

பத்தரை மணிக்குத் தெமர்லோவில் நிறுத்தினோம். பகாங் ஆற்றங்கரையில், பாத்தின் மீனுக்கென்றே பேர்போன ஊர். தெம்போயாக் போட்ட பாத்தின் குழம்பு, ஒரு துண்டு 15 வெள்ளி (ரிங்கிட்). தெம்போயாக் என்றால் உப்புப் போட்டுப் புளிக்கவைத்த டுரியான். டுரியான் வாசமே ஆகாத மச்சான் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மஞ்சளும் ஊசி மிளகாயும் சேர்ந்த அந்தப் புளிப்பு, மீனின் கொழுப்போடு நாக்கில் பட்டதும் இரண்டாவது தடவை சோறு கேட்டவரும் அவர்தான். கடைக்கார அம்மா பையனின் தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டிக் குழம்பை ஊற்றினார். "ஆத்துக்குப் போற பிள்ளை, வயிறு நிறைய சாப்பிடட்டும்" என்று மலாயில் சொல்லிவிட்டு, அதற்குக் காசும் வாங்கவில்லை.

ஜெராந்துட்டிலிருந்து கோலா தஹானுக்கு 70 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வழியெங்கும் செம்பனை. மதியம் இரண்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஊர் ஒரு கரையில், தாமான் நெகாரா தேசியப் பூங்கா மறு கரையில், நடுவே தெம்பெலிங். படகில் அக்கரை போக ஆளுக்கு 1 வெள்ளி. நுழைவு அனுமதி 1 வெள்ளி, கேமராவுக்கு 5, மீன்பிடி உரிமம் 10. மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கும் 4,343 சதுர கிலோமீட்டர் காட்டுக்குள் விட இவ்வளவுதான் கேட்டார்கள்.

அக்கரையில் தஹான் ஆறு தெம்பெலிங்கோடு வந்து சேருகிறது. தஹான் பால் விடாத தேநீர் போல, அடி தெரியும் தெளிவு. தெம்பெலிங் பால் ஊற்றிய தேநீர். இரண்டும் சேரும் இடத்தில் வரப்பு போட்டாற்போல ஒரு கோடு. அழகாக இருந்தது. படம் எடுத்துக்கொண்டேன். அதற்கு மேல் அந்தக் கோட்டைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

படகுக்காரர் அறுபதைத் தாண்டியவர். பாக் சிக் (மலாயில் மாமா) என்றே கூப்பிட்டோம். "அண்ணே, சூடா மாக்கான்?" (சாப்பிட்டாச்சா?) என்றுதான் பேச்சைத் தொடங்கினார். இளவயதில் ரப்பர் தோட்டத்தில் நம் ஆட்களோடு பால்மரம் சீவிப் பால் எடுத்தவராம். 'தண்ணி', 'மெதுவா', 'வா', 'போதும்' என்று பத்துப் பதினைந்து தமிழ்ச் சொற்கள் இன்னும் அவரிடம் இருக்கின்றன. படகு, எண்ணெய், அவரும் அவர் அக்கா மகனும் சேர்த்து ஒரு நாளைக்கு 400 வெள்ளி. மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டோம்.

என் லூர்ப் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். 60, 70 லூர் இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் எடை பார்த்தார். தோமானுக்கான தவளை வடிவ லூர்களையும் பெரிய லூர்களையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு, 10 கிராம் எடையுள்ள, கரண்டி போல் வளைந்த தங்கநிறத் தகடுகளான ஸ்பூன்கள் நாலு, சின்ன மீன் வடிவத்தில் விரல் நீள மின்னோ இரண்டு, இவற்றை மட்டும் என் கையில் கொடுத்தார். "முள்ளை நசுக்கிடு" என்றார். கொக்கியின் முனைக்குக் கீழே இருக்கும் எதிர்முள்ளைக் குறடால் அழுத்திப் படியவைத்துவிட்டால் மீனை விடுவிப்பது சுலபம். எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு என்றதும் முதுகில் தட்டினார்.

சாயங்காலம் ஒரு மணி நேரம் ஒத்திகை. அந்த ஒரு மணி நேரத்தில் மூன்று ஸ்பூன்கள் போயின. குட்டையில் எறிவது போலவே எறிந்தேன். ஆற்றின் மேல்பக்கம் விழுந்த ஸ்பூனைத் தண்ணீர் என்னை நோக்கியே தள்ளிக்கொண்டு வந்தது. நான் சுருட்டுகிற வேகமும் ஓட்டத்தின் வேகமும் ஒன்றானதால் ஸ்பூன் ஆடவே இல்லை. வெறும் தகடாகக் கீழே இறங்கிப் பாறை இடுக்கில் மாட்டியது. மூன்றும் அப்படித்தான். பாக் சிக் ஒன்றும் சொல்லவில்லை. கரைக்குத் திரும்பும்போது மட்டும், "நாளைக்குப் படகை நான் பிடிக்கிறேன். ஸ்பூனை ஆறு ஆட்டும். நீ நூலை மட்டும் பிடிச்சுக்க" என்றார்.

29 மே, புதன். ஆற்றின் மேலே

ஆறரைக்கெல்லாம் மிதவைக் கடையில் ரொட்டி சானாய் பசியாறிவிட்டு ஏறினோம். ஒல்லியான நீளமான மரப்படகு. பின்னால் மோட்டாரில் அக்கா மகன், முன்னால் கழியோடு பாக் சிக். விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்தான் இடைவெளி. ஊர்ப்பக்கக் கரையில் எருமைகள் கழுத்துவரை தண்ணீரில் கிடந்தன.

மலாயில் ஜெராம் என்பார்கள், பாறைகளுக்கு நடுவே தண்ணீர் சரிந்து பாயும் இடத்தை. மேலே போக அப்படிப் பல ஜெராம் ஏறவேண்டும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பாக் சிக் எழுந்து நின்றுகொள்வார். வலக்கையை இப்படி அப்படி அசைப்பார், படகு அதற்குத் தக்கபடி திரும்பும். ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் ஜெராமில் எங்கள் மூவருக்கும் இடுப்புவரை நனைந்தது.

அவர் கழியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆளைவிட இரண்டு மடங்கு நீளம். அடிமுனை பாறையில் மோதி மோதி நார் நாராகப் பிரிந்து தூரிகை மாதிரி இருந்தது. படகை நகர்த்துவதற்கு முன்னால் அதை அடியில் ஒரு தடவை குத்திப் பார்ப்பார். மணல் என்றால் சத்தமே வராது. கூழாங்கல் என்றால் பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு கரகரப்பு. பாறை என்றால் 'டொக்'. அந்த ஒலியை வைத்தே "இங்க வீசாதே", "இங்க வீசு" என்பார். மணலில் செபாராவ் நிற்பதில்லையாம். பெரிய பாறைக்குப் பின்னால், ஓடுகிற தண்ணீரும் ஓடாத தண்ணீரும் உரசுகிற ஓரத்தில்தான் நிற்கும். ஓடாத பக்கம் நின்றால் நீந்தி அலுக்கவேண்டாம். ஓடுகிற பக்கம் அடித்துவரும் சின்ன மீனை ஒரே பாய்ச்சலில் எடுத்துக்கொள்ளலாம்.

செபாராவ் கெண்டைக் குடும்பத்து மீன். தாடையில் பல் கிடையாது. தொண்டைக்குள்தான் பல். ஆனால் வேட்டையாடுவதில் பல்லுள்ள மீன்களுக்குச் சளைத்ததில்லை. முதுகுத் துடுப்புக்குக் கீழே ஒரு கறுப்புப் பட்டை, சிவந்த வால், வாலின் இரண்டு ஓரத்திலும் மைக்கோடு. ஒரு தடவை பார்த்தால் மறக்காது.

பாக் சிக் செய்தது இதுதான். ஒரு பாறைக்குக் கொஞ்சம் மேலே, எதிர்ப்பக்கமாகப் படகைக் கொண்டுபோய், மோட்டாரை அடக்கச் சொல்லி, கழியை ஊன்றிப் படகை ஓட்டத்தில் அசையாமல் நிறுத்தினார். "குறுக்கே வீசு." குறுக்கே வீசினேன். நூலைத் தொய்யவிடாமல் வைத்துக்கொண்டதும் ஓட்டம் ஸ்பூனை வில் போல வளைத்துப் பாறைக்குப் பின்பக்கம் கொண்டுபோனது. நான் ஏறக்குறைய சுருட்டவே இல்லை. கம்பின் நுனியில் ஸ்பூனின் துடிப்பு 'டிக் டிக் டிக்' என்று வந்துகொண்டே இருந்தது. 20 வருசத்தில் அந்தத் துடிப்பை அவ்வளவு சுத்தமாக நான் உணர்ந்ததில்லை.

முதல் மீன் பையனுக்கு. அவன் மின்னோ பாறையைத் தாண்டிய கணத்தில் கம்பு வளைந்தது. ரீல் கத்தியது. பயந்துபோய், ரீலிலிருந்து நூல் ஓடுவதை அடக்கும் டிராகை இறுக்கப் போனான். "வேணாம்டா, ஓடவிடு" என்று கத்தினேன். பின்னல் நூல் இழுபடாது. இறுக்கிப் பிடித்தால் கொக்கி வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். நூலின் பலத்தில் கால்வாசிக்கு டிராகை வைத்துவிட்டு மீனை ஓடவிடவேண்டும். செபாராவின் முதல் ஓட்டம்தான் ஓட்டம். அதைத் தாங்கிவிட்டால் பிறகு சீக்கிரம் களைத்துவிடும். அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. கையை நனைத்துக்கொண்டு பிடித்து, தலையை ஓட்டத்துக்கு எதிரே காட்டி வைத்திருந்தான். செவுள் இரண்டு மூன்று தடவை திறந்து மூடியது, வாலை ஒரு வீசு வீசிவிட்டுப் போயிற்று. "மாமா, என் கையிலேயே அது மூச்சு விட்டுச்சு" என்றான். மதியச் சோறு இறங்கவில்லை அவனுக்கு.

எனக்கு இரண்டு, மச்சானுக்கு ஒன்று. எல்லாம் சிறிசு. எல்லாவற்றையும் விட்டுவிட்டோம்.

நாலு மணிக்கு ஒரு அழகான மணல்திட்டில் கூடாரம் போடலாம் என்று மூட்டையை இறக்கினோம். வானம் தெளிவாக இருந்தது. மச்சான் கூடாரத்தின் கம்புகளைக் கூட விரித்துவிட்டார். பாக் சிக் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நுரைத் துண்டு மிதந்து வந்தது. பிறகு சுள்ளிகள். பிறகு நீளமான ஒரு நுரைக்கோடு, அதில் பச்சை இலைகள். "பழுத்த இலை தானா விழும். பச்சை இலைன்னா ஆறு பிடுங்கிட்டு வருது" என்றார். மேலே எங்கேயோ பெரிய மழை. எங்கள் தலைக்கு மேல் ஒரு துளி இல்லை.

மூட்டையெல்லாம் மறுபடி ஏற்றி, செங்குத்தான கரையில் மரவேர்களைப் பிடித்துக்கொண்டு மேலே கொண்டுபோவதற்குள் மூவருக்கும் மூச்சு வாங்கிவிட்டது. அட்டை வேறு. என் கணுக்காலில் மட்டும் ஆறு எண்ணினேன். மச்சான் கொஞ்சம் கோபமாகவே இருந்தார். எட்டு மணிவாக்கில் டார்ச் அடித்துப் பார்த்தோம். மணல்திட்டு இருந்த இடத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் டார்ச்சை அணைத்துவிட்டுப் போய்ப் பாக் சிக்குக்கு ஒரு தே ஓ (பால் விடாத தேநீர்) கலக்கிக் கொடுத்தார்.

2014 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி அன்று இரவு பேசினார். கோலா தஹானே மூழ்கிய வெள்ளம் அது. அவருடைய பழைய படகு அதில் போய்விட்டது. கயிற்றை அறுத்துக்கொண்டு போனதைக் கரையில் நின்று பார்த்தாராம். படகின் நீளம், பலகை என்ன மரம், யார் செய்தது என்று எல்லாம் சொன்னார். ஒரு மனிதரைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தது.

30 மே, வியாழன். தண்ணீர் கெட்டது

காலையில் ஆறு வேறு நிறம். கெட்டித் தே தாரிக், பால் தேநீர் போல. கையை மணிக்கட்டுவரை விட்டால் விரல் தெரியவில்லை. பாக் சிக் "ஆயர் கெரோ" என்றார். மலாக்காவில் ஓர் ஊரின் பெயராகவே எனக்குத் தெரிந்த சொல். கலங்கிய தண்ணீர் என்று பொருள் என்பதை அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தேன்.

செபாராவ் கண்ணால் வேட்டையாடும் மீன். தண்ணீர் கலங்கிவிட்டால் அதற்கு ஸ்பூனும் தெரியாது, இரையும் தெரியாது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. நாள் முழுக்க வீசினோம். செம்பு நிறம், மஞ்சள், கறுப்பு என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். ஒரு தட்டல்கூட இல்லை. பத்து மணிக்குத் தொடங்கிய மழை மூன்று வரை விடவில்லை. மழைச்சட்டைக்குள் வியர்வை, வெளியே மழை. பையன் உதடு நீலம் பாரித்து உட்கார்ந்திருந்தான். திரும்பிவிடலாமா என்று நானே ஒரு தடவை கேட்டேன்.

அதற்கு நடுவில் மச்சானின் விரல். ஜெராந்துட்டில் எண்ணெய் ஊற்ற நிறுத்தியபோது புதிதாக ஒரு மின்னோ வாங்கியிருந்தார். அதன் முள்ளை நசுக்க மறந்துவிட்டோம். கிளையில் சிக்கியதை வெடுக்கென்று இழுத்தார். பறந்து வந்த லூரைத் தடுக்கக் கையை நீட்டினார். மூன்று முனைக் கொக்கியில் ஒரு முனை கட்டைவிரல் சதைக்குள், எதிர்முள்ளைத் தாண்டி இறங்கிவிட்டது. ரத்தம் அதிகமில்லை. ஆனால் லூர் அசையும்போதெல்லாம் மச்சானின் முகம் சுருங்கியது.

பாக் சிக் கழியை வைத்துவிட்டு வந்தார். முதலில் கொக்கியை லூரிலிருந்து கழற்றினார். தடித்த தங்கூசி நூலில் ஒரு முழம் வெட்டி, கொக்கி வளைகிற இடத்தில் சுற்றி, இரண்டு நுனியையும் தன் கையில் சுருட்டிக்கொண்டார். இன்னொரு கையால் கொக்கியின் தண்டைத் தோலோடு தோலாக அழுத்தினார். அப்படி அழுத்தும்போது உள்ளே எதிர்முள் சதையை விட்டு விலகிக்கொள்ளும். "ஊர்ல பசு இருக்கா?" என்று மச்சானைக் கேட்டார். மச்சான் வாயைத் திறப்பதற்குள் நூலை வெடுக்கென்று ஒரே இழுப்பு. கொக்கி பறந்துபோய்ப் படகின் அடியில் விழுந்தது. விரலில் ஒரு சிறு துளை, அவ்வளவே. நான் இதைப் படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்ததும், அந்தக் கை நடுங்காமல் இருந்ததைப் பார்த்ததும் அன்றுதான். மருந்து போட்டுக் கட்டினோம்.

மழை விட்டதும் கரையில் பாத்தேக் பூர்வகுடியினர் ஒரு குடும்பமாக நின்றிருந்தார்கள். பாக் சிக் படகை ஒதுக்கும்போதே "படம் எடுக்கவேண்டாம்" என்று எங்களிடம் சொல்லிவிட்டார். சீனியும் புகையிலையும் கொடுத்தார். அவர்கள் கேட்கவில்லை, இவர் விலை சொல்லவில்லை. மெதுவான குரலில் கொஞ்சநேரம் பேச்சு. அந்த வீட்டு மனிதர் கிளம்பும்போது மோவாயால் கீழ்த்திசையைக் காட்டி ஏதோ சொன்னார். பாக் சிக் தலையாட்டினார். எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. குழந்தையொன்று பையனின் சிவப்புத் தொப்பியையே பார்த்தது. கழற்றிக் கொடுத்துவிட்டான். வாங்கிக்கொண்டு அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது.

இரவு அக்கா மகன் கரையிலிருந்தே கைத்தூண்டில் போட்டு இரண்டு பாவோங் கெளுத்தி பிடித்தார். கலங்கல் பாவோங்குக்குத் தடையே இல்லை. மீசையால் தடவி, மணம் பிடித்துத் தேடித் தின்னும் மீன். அடுத்த நாளுக்கென்று வைத்திருந்த சாடின் டின்னை ஓரமாக வைத்துவிட்டு, மச்சான் கட்டுப் போட்ட கையோடு நம்ம மீன் மசாலாவில் குழம்பு வைத்தார். ஈரவிறகுப் புகையில் கண் எரிய எரியச் சாப்பிட்டோம். பாக் சிக் தட்டை வழித்துவிட்டு "போதும்" என்று தமிழில் சொன்னார். பிறகும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டார்.

31 மே, வெள்ளி. இரண்டு தண்ணீர்

வெள்ளிக்கிழமை. பன்னிரண்டுக்குள் ஊர் திரும்பித் தொழுகைக்குப் போகவேண்டும் என்று பாக் சிக் முன்பே சொல்லியிருந்தார். ஆக எங்களுக்கு இருந்தது விடியலிலிருந்து ஒன்பதரை வரை. இருட்டு பிரியும்போதே படகு கீழ்நோக்கிப் போயிற்று. தலைக்கு மேலே இருவாச்சி ஜோடி ஒன்று கடந்தது. பறவை தெரிவதற்கு முன்னால் சிறகின் சத்தம் வந்துவிடுகிறது, யாரோ தொலைவில் மரம் அறுக்கிற மாதிரி.

காட்டுப்பக்கக் கரையில் ஒரு சின்ன ஓடை வந்து சேருகிற வாய். பத்தடி அகலம்கூட இல்லை. வரும்போது இரண்டு தடவை அதைக் கடந்துபோயிருக்கிறோம், நான் கவனித்ததே இல்லை. நேற்று அந்தப் பாத்தேக் மனிதர் மோவாயால் காட்டியது இதைத்தான். ஊர்ப்பக்கத்து ஓடைகள் மண்ணை அள்ளிக்கொண்டு வரும், காட்டுக்குள்ளிருந்து வருகிற ஓடை மழை விட்ட மறுநாளே தெளிந்துவிடும் என்றார் பாக் சிக். ஓடைத் தண்ணீர் கறுப்புத் தேநீராக வந்து, பெரிய ஆற்றின் கலங்கலோடு கலக்காமல், கரையோரமாக ஒரு நாற்பது அடி தூரம் தனியாக ஓடியது. நடுவே கோடு. முதல் நாள் நான் படம் எடுத்துக்கொண்டு போன அதே கோடு.

"மீன் கெரோவுக்குள்ள நிக்கும். வாய் மட்டும் தெளிவுப் பக்கம்" என்று உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டினார். கலங்கலில் ஒளிந்துகொண்டு, தெளிந்த தண்ணீரில் வரும் இரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த இடத்தில் படகை நிறுத்துவது எவ்வளவு கடினம் என்று சொல்லித் தீராது. ஆறு இரண்டடி ஏறியிருக்கிறது. ஓட்டம் இழுக்கிறது. கிட்டே போனால் கோடு கலைந்துவிடும், தள்ளி நின்றால் வீச்சு எட்டாது. பாக் சிக் கழியை ஊன்றி, மேல்பகுதியைத் தோளில் சாய்த்து, பாதத்தைப் படகின் விலாவில் முட்டுக்கொடுத்து நின்றார். கழுத்து நரம்பு புடைத்து நின்றது. படகு ஒரு முழம்கூட நகரவில்லை.

முதல் வீச்சு ஓடைக்குள் விழுந்தது. ஓட்டத்தோடு ஸ்பூன் தெளிவுப் பக்கமாகவே வந்து, கோட்டைத் தொட்டு வளைந்தது. ஒன்றுமில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது வீச்சில் ஸ்பூன் கோட்டை ஒட்டி வரும்போது, கலங்கலுக்குள்ளிருந்து ஒரு பொன்னிறப் பக்கவாட்டு திரும்புவதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்த பிறகுதான் கை உணர்ந்தது.

நேரே கீழ்நோக்கி ஓடியது. ரீலில் நூல் குறைந்துகொண்டே போனது. ஸ்பூல் தெரிய ஆரம்பித்துவிட்டது. "பாக் சிக்!" என்றேன். அவர் ஏற்கெனவே கழியை எடுத்துவிட்டிருந்தார். படகு மீனின் பின்னாலேயே பக்கவாட்டில் நழுவியது. ஒரு பாறையை இடது பக்கம் விடவேண்டும், வலது பக்கம் விட்டால் நூல் அறுந்துவிடும். "மெதுவா, மெதுவா" என்று தமிழில் சொல்லிக்கொண்டே, கழியால் ஒரே உந்தலில் படகை இடப்பக்கம் கொண்டுபோனார். எனக்குச் சொன்னாரா, மீனுக்குச் சொன்னாரா, படகுக்குச் சொன்னாரா தெரியாது.

52 சென்டிமீட்டர். இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. செதில்கள் பெரிசு பெரிசாக, ஒவ்வொன்றின் ஓரமும் நிழல் போட்டாற்போல. கறுப்புப் பட்டை வயசான மீனுக்கு மங்கிப்போயிருந்தது. வால் மட்டும் செம்பருத்தி. கொக்கி மேல்தாடையின் ஓரத்தில், விரலால் தொட்டதும் கழன்றது. தெளிந்த தண்ணீர்ப் பக்கம் பிடித்து வைத்திருந்தேன். போக அதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. போகும்போது கோட்டைத் தாண்டிக் கலங்கலுக்குள் போய் மறைந்தது.

மணி எட்டே முக்கால். இன்னும் நேரம் இருந்தது. நான் கம்பைப் பாக் சிக்கிடம் நீட்டினேன். வாங்கத் தயங்கினார். படகுக்கு ஆள் கூட்டி வரத் தொடங்கிய பிறகு தான் வீசுவதையே விட்டுவிட்டதாகச் சொன்னார். கழியை அக்கா மகன் வாங்கிக்கொண்டார். நானும் அதை ஒரு தடவை பிடித்துப் பார்த்தேன். பத்து எண்ணுவதற்குள் படகின் முன்பக்கம் திரும்பிவிட்டது, கழி என் கையைவிட்டு நழுவப் பார்த்தது. தோள் இப்போது எழுதும்போதும் வலிக்கிறது.

பாக் சிக் உட்கார்ந்தபடியே, மணிக்கட்டை மட்டும் அசைத்து வீசினார். ஸ்பூன் தண்ணீரில் விழுந்த சத்தமே கேட்கவில்லை. ஐந்து வீச்சு. ஐந்தாவதில் ஒரு கிலோ மீன் ஒன்று. அது கரைக்கு வரும்வரை அவர் முகத்தில் பல் தெரிந்துகொண்டே இருந்தது. பையன் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், மீனை இல்லை.

பதினொன்றரைக்கு ஊர்.

1 ஜூன், சனி. வீடு

நேற்று சாயங்காலம் பாக் சிக் வீட்டுக்குக் கூப்பிட்டுத் தேநீரும் வாழைப்பழப் பலகாரமும் கொடுத்தார்கள். வீட்டுத் தூணில் 2014 வெள்ளத்தின் கோடு, என் நெஞ்சுக்கு மேலே. பணம் கொடுத்தபோது செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்குக் காசு வேண்டாம் என்று 50 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தார். பெட்டியில் மிச்சமிருந்த தங்கநிற ஸ்பூனை அவரிடமே விட்டுவந்தேன்.

இன்று காலை ஜெராந்துட் அரசாங்க மருந்தகத்தில் மச்சானுக்கு ஊசி, 1 வெள்ளி. விரல் வீங்கவில்லை. தெமர்லோவில் மறுபடி பாத்தின். அந்த அம்மா பையனை அடையாளம் கண்டுகொண்டு "மீன் கிடைச்சதா?" என்றார். வலது கையைத் தண்ணீரில் நீட்டி வைத்திருப்பது போலக் காட்டி, அது மூச்சு விட்டதை அவரிடமும் சொன்னான்.

4 ஜூன், செவ்வாய்

பாக் சிக்கிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு. பின்னால் ஆறு ஓடும் சத்தம், கழி எதிலோ இடிக்கும் 'டொக்'. பிறகு அவர் குரல், தமிழில்: "அண்ணே. தண்ணி நல்லா இருக்கு. வா."

பையன் பள்ளிக்கூடச் சட்டையைக் கழற்றாமலே அதை நாலு தடவை போட்டுக் கேட்டான்.